பரணில் கிடக்கும் மடிக்கணினிக்கு ஒரு சிம் போடுங்கள்

ஏரியூர் ஒன்றியத்தில் அரசு மடிக்கணினி வாங்கிய தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

ஜெராக்ஸ் கடை அண்ணன் எழுதுகிறேன். உங்களில் பாதிப் பேருக்குச் சாதிச் சான்றும் வருமானச் சான்றும் நகல் எடுத்துக் கொடுத்தவன், மீதிப் பேருக்குக் கல்லூரி விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தவன். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

2011 செப்டம்பரில் அரசின் இலவச மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. முதல் ஆண்டு பிளஸ் டூவில் வாங்கியவர்களுக்கு இன்று வயது முப்பது தாண்டியிருக்கும். பெங்களூரிலோ திருப்பூரிலோ வேலை, தீபாவளிக்கும் மாரியம்மன் பண்டிகைக்கும் ஊர். மடிக்கணினி மட்டும் ஊரை விட்டுப் போகவில்லை. முதலமைச்சர் படம் போட்ட பையோடு பரண்மேல், பழைய பாய்க்கும் உடைந்த மிக்சிக்கும் நடுவில் கிடக்கிறது. பேட்டரி செத்திருக்கும். மற்றபடி ஒன்றும் ஆகியிருக்காது.

ஒரு பழைய கணக்கையும் தீர்த்துவிடுகிறேன். மடிக்கணினியைத் திறந்தால் இரண்டு வழி கேட்கும்: ஒன்று விண்டோஸ், மற்றொன்று பாஸ் லினக்ஸ். சென்னையில் சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கியது அந்த பாஸ். வாங்கி வந்த வாரமே கடைக்கு வந்து, "அண்ணா, அந்த பாஸைத் தூக்கிட்டு முழுசா விண்டோஸ் போட்டுக் குடுங்க" என்று கேட்டீர்கள். நானும் 150 ரூபாய் வாங்கிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தூக்கினேன். அந்தப் பாவத்துக்குப் பரிகாரம் என்றே இந்த மடலை வைத்துக்கொள்ளுங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். 2024 ஜூலை நினைவிருக்கிறதா? மாத முதல் வாரத்தில் மேட்டூர் அணை 40 அடியை ஒட்டிக் கிடந்தது. நாகமரைப் பக்கம் தண்ணீர் எங்கேயோ உள்ளே போய்விட்டது. பண்ணவாடியில் மூழ்கிக் கிடந்த நந்தி வெளியே வந்து வெயில் காய்ந்துகொண்டிருந்தது. தண்ணீர் விட்ட ஈர மண்ணில் நம்மவர்கள் வழக்கம்போல விதைத்துவிட்டார்கள். எங்கள் சித்தப்பாவுக்கு அங்கே அரை ஏக்கர் கடலை. அதே மாதம் 30-ஆம் தேதி அணை 120 அடி. ஒரு மாதம் முடிவதற்குள் எண்பது அடி ஏறிய தண்ணீருக்குக் கடலையும் தெரியாது, கம்பும் தெரியாது.

சித்தப்பா கேட்டது ஒரே கேள்விதான்: "எனக்கு ஏன்டா யாரும் சொல்லல?" சொல்லியிருந்தார்கள். பிலிகுண்டுலுவில் எத்தனை ஆயிரம் கன அடி, ஒகேனக்கல்லில் பரிசலுக்குத் தடை, கபினியில் எவ்வளவு திறந்தார்கள் என்று எல்லாமே ஊர் வாட்ஸ்அப் குழுவில் காலை ஆறு மணிக்கே வந்திருந்தது. சித்தப்பாவிடம் இருப்பது பட்டன் போன். அதில் வாட்ஸ்அப் கிடையாது. எஸ்எம்எஸ் உண்டு, ஆனால் ஊரில் ஒருவருக்கொருவர் எஸ்எம்எஸ் அனுப்புகிற பழக்கம் எப்போதோ செத்துவிட்டது. இப்போது அவருக்கு வருவது பேங்க் கழித்த கட்டணமும், "உங்கள் பேக் நாளை முடிகிறது" என்ற மிரட்டலும்தான்.

பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் எச்சரிக்கை தமிழிலேயே எஸ்எம்எஸ்ஸாக வருகிறதே என்பீர்கள். வருகிறது, அதைக் குறை சொல்லவில்லை. மாவட்டத்துக்குக் கனமழை, கரையோர மக்கள் கவனம் என்ற அளவில் வரும். "என் கடலைக் காட்டுக்குத் தண்ணி எப்ப வரும்?" என்று சித்தப்பா அதற்குப் பதில் போட முடியாது. எழுத்தை அனுப்புநர் பெயராக வைத்து வருகிற எந்தச் செய்திக்கும் பதில் போட வழி கிடையாது. அது ஒருவழிப் பாதை.

வேடிக்கை என்னவென்றால், உலகத்தின் முதல் எஸ்எம்எஸ்ஸும் ஒருவழிதான். 1992 டிசம்பர் 3, இங்கிலாந்து. நீல் பாப்வொர்த் என்ற இளம் பொறியாளர் தன் கம்ப்யூட்டரில் "மெர்ரி கிறிஸ்மஸ்" என்று தட்டி வோடபோன் அதிகாரி ஒருவருடைய கைபேசிக்கு அனுப்பினார். கம்ப்யூட்டரிலிருந்து எஸ்எம்எஸ் என்பது ஏதோ புது வித்தை இல்லை, பிறந்ததே அங்கேதான். வாங்கியவரால் பதில் அனுப்ப முடியவில்லை, அந்தக் கைபேசியில் அதற்கு வசதி இல்லை.

நான் உங்களிடம் கேட்பது இருவழிப் பாதை. ஊருக்கு ஒரு மடிக்கணினி, அதில் லினக்ஸ், அதில் ஒரு சிம். நாகமரைக்கு ஒன்று, நெருப்பூருக்கு ஒன்று, அஜ்ஜனஅள்ளிக்கு ஒன்று. அனுப்பவும் வேண்டும், வருகிறதைப் படிக்கவும் வேண்டும். என் கடையில் ஒன்றை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

முதலில் டாங்கிள். பத்துப் பன்னிரண்டு வருடம் முன்பு நெட்டுக்கு வாங்கிய அந்தப் பென் டிரைவ் மாதிரிப் பொருள் வீட்டில் எங்காவது இருக்கும், நெட் செட்டர் என்றும் சொல்வோம். குத்தினால் முதலில் அது தன்னை ஒரு சிடி டிரைவ் என்று பொய் சொல்லும். உள்ளே விண்டோஸுக்கான மென்பொருளை வைத்திருப்பார்கள். லினக்ஸில் யூஎஸ்பி மோட்ஸ்விட்ச் என்ற சிறு நிரல் அதன் தலையில் தட்டி, "நீ மோடம், மோடமாக நட" என்று மாற்றிவிடும். அதன்பின் மூன்று நான்கு போர்ட் காட்டும். எந்தப் போர்ட் பேசும் என்பதை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

தட்டிப் பார்ப்பது எப்படி? டெர்மினலைத் திறந்து, போர்ட்டோடு இணைத்து, ஏ, டி என்று ஆங்கிலத்தில் இரண்டே எழுத்து அடித்து என்டர் தட்டுங்கள். ஓகே என்று பதில் வந்தால் அதுதான் போர்ட். "அட்டென்ஷன்" என்பதன் முதல் இரண்டெழுத்து அது. 1981-இல் ஹேய்ஸ் என்பவர் டெலிபோன் மோடத்துக்கு வைத்த வழக்கம், இன்னும் நம் டாங்கிளுக்குள் உயிரோடு இருக்கிறது. முதல் தடவை அந்த ஓகே வந்தபோது ராத்திரி பதினொரு மணி. கடையில் தனியாக இருந்தவன் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

அதற்கு முன் இரண்டு நாள் அழுததையும் சொல்லவேண்டும். அனுமதி இல்லை, அனுமதி இல்லை என்று திரும்பத் திரும்ப வந்தது. உங்கள் பெயரை டயலவுட் என்கிற குழுவில் சேர்த்துவிட்டு, ஒருமுறை வெளியேறித் திரும்ப உள்ளே வரவேண்டும். இந்த வெளியேறி வருவதை நான் செய்யவில்லை, அதற்குத்தான் இரண்டு நாள். இன்னொரு முட்டுக்கட்டை மோடம் மேனேஜர். லினக்ஸில் அது தானாகவே ஓடிக்கொண்டு டாங்கிளைப் பிடித்து வைத்துக்கொள்ளும், வேறு யாரையும் தொட விடாது. அதை நிறுத்திவிடுங்கள்.

அனுப்பும் வேலைக்கு கம்மு. பெயரைப் பார்த்து கம்மென்று இருக்கும் என நினைக்காதீர்கள், நன்றாகவே பேசும். இலவசக் கட்டற்ற மென்பொருள், ஒரே வரிக் கட்டளையில் செய்தி போய்விடும். அதன் கூடவே எஸ்எம்எஸ்டி என்று ஒன்று வருகிறது. அது பின்னால் ஓடிக்கொண்டே இருந்து, வருகிற ஒவ்வொரு செய்தியையும் ஒரு கோப்பாக இன்பாக்ஸில் போடும். அவுட்பாக்ஸில் நீங்கள் போடுகிறதை எடுத்து வரிசையாக அனுப்பும். செய்தி வந்தவுடன் இன்ன நிரலை ஓட்டு என்றும் அதனிடம் சொல்லி வைக்கலாம். அந்த மடிக்கணினியின் 2 ஜிபி ராம் இதற்குத் தாராளம்.

டாங்கிளே இல்லை, ஆண்ட்ராய்டு போன்தான் இருக்கிறது என்கிறவர்களுக்கு கேடிஇ கனெக்ட். போனிலும் லினக்ஸிலும் ஏற்றி, இரண்டையும் ஒரே வைஃபையில் விட்டால் போனுக்கு வரும் எஸ்எம்எஸ்ஸைக் கம்ப்யூட்டரில் படிக்கலாம், அங்கிருந்தே பதிலும் போடலாம். ஒருவருடைய சொந்த வேலைக்கு இதுவே சுகம். ஊர்ப் பொதுவுக்கு ஒத்துவராது. போன் பென்னாகரம் பஸ் ஏறினால் செய்தியும் பின்னாலேயே பஸ் ஏறிவிடும்.

சிம் விஷயத்தில் ஏமாறாதீர்கள். பழைய டாங்கிள் 2ஜி, 3ஜியில் பேசுவது. ஜியோவுக்கு அந்த இரண்டுமே கிடையாது, அதைப் போட்டால் டாங்கிள் ஊமை. ஏர்டெல் 3ஜியை மூடிவிட்டாலும் 2ஜியை வைத்திருக்கிறது. உங்கள் ஊரில் எந்த டவர் எடுக்கிறதோ அதைப் பாருங்கள். டேட்டா இல்லாமல் பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள பேக் தரவேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 டிசம்பரில் விதி போட்டுவிட்டது. அதைக் கேட்டு வாங்குங்கள், இந்த சிம்முக்கு டேட்டா தண்டம்.

இனி தமிழ். இதைக் கொஞ்சம் நின்று பேசவேண்டும், ஏனென்றால் காசு கரைவது இங்கேதான்.

ஒரு எஸ்எம்எஸ்ஸின் கொள்ளளவு 140 பைட். எழுத்துக்கு ஏழு பிட் என்று ஆங்கிலத்தில் அடைத்தால் 160 எழுத்து பிடிக்கும். தமிழ் யூனிகோடில் ஒவ்வொரு குறிக்கும் பதினாறு பிட், ஆகவே 70 குறிதான். குறி என்று சொன்னேன், எழுத்து என்று சொல்லவில்லை. "ஏரியூர்" என்பது நம் கண்ணுக்கு நான்கு எழுத்து. கம்ப்யூட்டருக்கு ஏழு: ஏ, ர, இகரக் கொக்கி, ய, ஊகாரக் குறி, ர, அதன்மேல் புள்ளி. புள்ளிக்கும் காசு. 70-ஐத் தாண்டினால் செய்தி துண்டாகும், துண்டுக்கு 67 குறிதான், ஏனென்றால் எந்தத் துண்டு எதோடு ஒட்டவேண்டும் என்ற முகவரிக்குக் கொஞ்சம் இடம் போய்விடும்.

நம்ம ஊர் அழைப்பிதழ் நடையில், "அன்பார்ந்த விவசாயப் பெருமக்களுக்கு வணக்கம்" என்று ஆரம்பித்தீர்கள் என்றால் அதற்கே 42 குறி போச்சு. தண்ணீர் வருகிற செய்தி இரண்டாவது துண்டில் வரும். எங்கள் சித்தப்பாவுக்கு இப்போது நான் அனுப்புகிற மாதிரி இது: "நாகமரை: நீர் ஏறுது. கரையோரப் பயிரை இன்றே அறுக்கவும்." எண்ணிப் பார்த்துவிட்டேன், 52. ஒரே துண்டு. மரியாதையை நேரில் பார்க்கும்போது காட்டிக்கொள்ளலாம்.

இதில் எனக்கு ஒரு ஆற்றாமை உண்டு. 2010-இல் கோவைச் செம்மொழி மாநாட்டுச் சமயத்தில் அரசு யூனிகோடோடு சேர்த்து டேஸ் 16 என்ற குறிமுறையையும் தரமாக அறிவித்தது. அதில் ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் ஒரே குறி. ஏரியூர் நான்கே இடத்தில் முடிந்துவிடும். ஆனால் சாதாரணப் போன்கள் அதைப் படிக்காது. கைபேசித் தரத்திலேயே தமிழுக்குத் தனி அட்டவணை ஒன்றும் இருக்கிறது, அதைப் பயன்படுத்தினால் ஒரு செய்தியில் 155 குறி வரை போகலாம். தரத்தில் இருக்கிறது, நம் கையிலிருக்கும் போனில் இல்லை. பிள்ளைகள் தங்கிலீஷில் எழுதுகிறார்கள் என்று மேடையில் திட்டுகிறவர்கள் இந்த 160-க்கும் 70-க்கும் உள்ள வித்தியாசத்தை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

பேக்கில் நாளுக்கு 100 எஸ்எம்எஸ் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று துண்டுச் செய்தி எழுதினால் 33 வீட்டுக்குத்தான் போகும். ஒரே துண்டாக எழுதினால் 100 வீடு. நாகமரைக் கரையில் யார் யார் காட்டில் பயிர் நிற்கிறது என்று பட்டியல் எழுதிப் பாருங்கள், 100 போதும்.

கம்முவிடம் யூனிகோட் என்று தனியாகச் சொல்ல மறக்காதீர்கள். நான் மறந்தேன். முதல் நாள் பதினேழு பேருக்கு வரிசையாகக் கேள்விக்குறி போனது. "என்னடா, என்கிட்ட இத்தன கேள்வி கேக்கற?" என்று ஒரு பெரியவர் கடைக்கே வந்துவிட்டார்.

அதைவிடப் பெரிய கூத்து பதில் போடுவதில் நடந்தது. வருகிற ஒவ்வொரு செய்திக்கும், "உங்கள் செய்தி கிடைத்தது" என்று தானாகப் பதில் போகும்படி ஒரு சின்ன நிரல் எழுதி வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கினேன். டெம்போ ஓட்டுகிற நண்பர் ஒருவர் ராத்திரி ஏதோ கேட்டு செய்தி போட்டிருக்கிறார். அவர் போனில், "வண்டி ஓட்டுகிறேன், பிறகு அழைக்கிறேன்" என்று தானாகப் பதில் போடும் வசதி. என் கணினி, கிடைத்தது என்றது. அவர் போன், வண்டி ஓட்டுகிறேன் என்றது. என் கணினி மறுபடியும், கிடைத்தது. இரண்டு நாகரிகமான ஜடங்கள் விடிய விடிய மரியாதை செய்துகொண்டிருந்தன. இலவச எஸ்எம்எஸ் தீர்ந்து, இருப்பில் இருந்த காசும் தீர்ந்தபிறகுதான் ஓய்ந்தது. ஒரு எண்ணுக்கு ஒரு நாளில் ஒரு தானியங்கிப் பதிலுக்கு மேல் போகாதபடி நிரலில் பூட்டுப் போடுங்கள்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், பிறகு அண்ணன் மாட்டிவிட்டான் என்று சொல்லக்கூடாது. கடை விளம்பரம், சீட்டு, நிலம் விற்பனை எதுவும் இந்த எண்ணிலிருந்து போகக்கூடாது. டிராயின் 2018 விதிப்படி வணிகச் செய்தி அனுப்புகிறவர் பெயரையும் செய்தியின் வடிவத்தையும் முன்பே பதிவு செய்யவேண்டும், பத்து இலக்க சாதா எண்ணிலிருந்து அனுப்பக்கூடாது. அந்தப் பதிவை 2021 மார்ச் 8 அன்று கறாராக அமல்படுத்தியபோது பேங்க் ஓடிபிகளே வராமல் நாடே திணறி, ஒரு வாரம் தள்ளி வைத்தார்கள். 1909 என்ற புகார் எண்ணுக்குப் பத்து நாளில் ஐந்து புகார் போனாலே எண்ணின்மேல் நடவடிக்கை. ஆகவே வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டவருக்கு மட்டும் அனுப்புங்கள். "வேண்டாம்" என்று யாராவது பதில் போட்டால் அந்த நிமிடமே பட்டியலிலிருந்து எடுங்கள். அந்தப் பட்டியலை எவருக்கும் கொடுக்காதீர்கள், எந்தக் கட்சிக்காரர் கேட்டாலும்.

இது நடக்குமா என்று சந்தேகப்படுகிறவர்கள் வால்பாறையைப் பார்க்கலாம். 220 சதுர கிலோமீட்டர் தேயிலை, காப்பித் தோட்டம், அதற்குள் யானை வழி. நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷனின் எம். ஆனந்தகுமாரும் கூட்டாளிகளும் யானை எந்தப் பக்கம் நிற்கிறது என்று தொழிலாளர்களின் கைபேசிக்குச் செய்தி அனுப்ப ஆரம்பித்தார்கள். சந்திகளில் சிவப்பு விளக்குக் கம்பம் நட்டார்கள், அதைக் கைபேசியிலிருந்தே எரிய வைக்கலாம். எரிய வைக்கிற வேலையில் ஊர்க்காரர்களுக்கும் பங்கு கொடுத்தார்கள். இருட்டில் எதிரே யானை நிற்பது தெரியாமல் போய்ச் சிக்குகிறவர்களைக் காப்பாற்றிய அந்த வேலைக்கு 2015-இல் விட்லி விருது கிடைத்தது. அவர்கள் பயன்படுத்திய ஏற்பாடு வேறு, நான் சொல்வது அதற்குப் பக்கத்து வீடு. நமக்கும் யானை புதிதில்லை. 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளிப் பக்கம் கள்ள மின்வேலியில் மூன்று யானைகள் செத்துக் கிடந்ததையும் இரண்டு குட்டிகள் அவற்றைச் சுற்றிச் சுற்றி வந்ததையும் இந்த மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். "இந்தப் பக்கம் யானை நிக்குது" என்று ஒரு காவல்காரர் பட்டன் போனிலிருந்து அடிக்கும் ஒரு வரி, அடுத்த ஐந்து காட்டுக்காரர்களுக்கு உடனே போவதற்கு ஒரு மடிக்கணினியும் டாங்கிளும் போதும்.

நான் நடத்துகிற சோதனையில் எனக்கு ஆச்சரியம் தந்தது அனுப்பியது இல்லை, வந்ததுதான். தண்ணீர் நிலவரம் சொல்லத்தான் ஆரம்பித்தேன். மூன்றாம் வாரத்திலிருந்து பதில்கள் வர ஆரம்பித்தன. "பரிசல் இன்னிக்கு உண்டா", "ரேசன்ல பாமாயில் வந்திருச்சா", "கால்நட டாக்டர் எப்ப வருவாரு". ஒரு அம்மா தமிழ் அடிக்கத் தெரியாமல் ஆங்கில எழுத்தில் தன் ஊர்ப் பெயரை மட்டும் நான்கு தடவை அனுப்பியிருந்தார். என்ன கேட்கிறார் என்று புரியாமல் கூப்பிட்டேன். அவர்கள் தெருக் குழாயில் ஆறு நாளாகத் தண்ணீர் இல்லை. ஆற்றில் தண்ணீர் ஏறுகிறது என்று நான் செய்தி அனுப்பிய அதே நாள் அது. சித்தப்பாகூட இப்போது பதில் போடுகிறார், ஒரே எழுத்து: "ச". சரி என்று அர்த்தம். செலவு ஒரு குறி.

கற்றுக்கொள்ள இங்கிலீஷ் வேண்டுமே என்று பயப்படாதீர்கள். கணியம் இதழ் 2012-லிருந்து லினக்ஸைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறது, காசு இல்லாமல் படிக்கலாம். விழுப்புரத்தில் குனு லினக்ஸ் பயனர் குழு ஒன்றைக் கிராமத்துப் பிள்ளைகளே நடத்துகிறார்கள். விழுப்புரத்தில் முடிகிறது ஏரியூரில் முடியாதா என்று வீரவசனம் பேசப் போவதில்லை. ஒரு ஊருக்கு ஒருவர் வந்தால் போதும், அதுவும் ஊரிலேயே தங்கியிருக்கிறவர். வெளியூரில் இருக்கிறவர்கள் வீட்டுக்குப் போன் போட்டு, பரணிலிருந்து மடிக்கணினியை இறக்கித் தம்பியிடமோ தங்கையிடமோ கொடுக்கச் சொன்னால் அதுவே உதவி.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கடையில் ஜெராக்ஸ் கிடையாது, இந்த வேலைதான். மடிக்கணினி, பழைய டாங்கிள், உங்கள் ஊர் டவர் எடுக்கிற சிம், மூன்றையும் எடுத்து வாருங்கள். சார்ஜரை மறந்துவிடாதீர்கள். அந்த மாடலுக்குப் பொருந்துகிற சார்ஜர் கடையில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, அதிலும் சித்தப்பாவுக்குச் செய்தி அனுப்புகிற மடிக்கணினி ஓடிக்கொண்டிருக்கிறது.

அன்புடன்,
ஜெராக்ஸ் கடை அண்ணன்,
ஏரியூர்